மஞ்சளாகவே எரிந்த பர்னர்

மத்தியானம் இரண்டு மணி. ஆள் இல்லாத ரோடு...

சிரிக்காதே. பேய்க்கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு அடிக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? இது நட்டநடு வெயிலில் நடந்தது. இன்னொன்று, அந்தப் பிஸ்கட் பொட்டலத்தை மூடி வை. இந்தக் கதையைத் தின்றுகொண்டே கேட்க முடியாது. நீ லாரிக்குள் வாந்தி எடுத்தால் கழுவப்போவது நான். எடைமேடை விடியும்வரை திறக்காது, மழையும் விடுகிறதாக இல்லை. தார்ப்பாய் ஒழுகுகிறது பார், இப்படி நெருங்கி உட்காருங்கள்.

நம் டயர் கடைக்காரர் இருக்கிறாரே, அவருடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. அவர் வெல்டர். இரும்புக் குழாய் கையில் கிடைத்தால் போதும், அதைப் பேச வைப்பார் என்பார்கள். கெட்டிக்காரர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் ஸ்கூட்டரில் போகிறார். இரண்டு பக்கமும் வேலிமுள். ஒரு டீக்கடைகூடக் கிடையாது. பின்சீட்டில் சாக்கு சுற்றிய பாரம் ஒன்று, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. அவர் கையால் செய்த கேஸ் பர்னர். போகவேண்டிய கட்டடம் இன்னும் கண்ணில் படவில்லை... அதற்குள் நாற்றம் வந்துவிட்டது. மூக்குக்கு வரும் நாற்றம் ஒரு வகை. இது நாக்குக்கு வருகிற வகை. வாயை இறுக மூடினாலும் மேலண்ணத்தில் வழவழவென்று வந்து ஒட்டும். வழியெல்லாம் துப்பிக்கொண்டே போனாராம்.

அது கொழுப்புக் காய்ச்சுகிற பட்டறை. இறைச்சிக் கடைகளில் கழித்துப் போடுகிற கொழுப்பு, ஜவ்வு, எலும்பு எல்லாம் வண்டி வண்டியாக அங்கே வரும். பெரிய இரும்புத் தொட்டிகளில் கொட்டி, பாய்லரிலிருந்து நீராவி விட்டு உருக்குவார்கள். மேலே மிதப்பதை வழித்தெடுத்து சோப்புக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். நீ காலையில் முகம் கழுவினாயே, அதைப் பற்றி இப்போது யோசிக்காதே. மிச்சம் இருக்கிற ரத்தத் தண்ணீர், மயிர், சக்கை எல்லாம் கொல்லையில் இருக்கிற ஒரு ஆழமான குழிக்குள் போகும். மேலே இரும்பு மூடி, சுற்றிலும் போல்ட்டு. உள்ளே அது ஊறி, புளித்து, கொப்பளித்து வாயு விட்டுக்கொண்டிருக்கும். அந்த வாயுவைக் குழாயில் இழுத்து பாய்லர் எரிப்பது என்று முடிவாகியிருந்தது. அதற்குத்தான் பர்னர்.

முதலாளிக்கு ஆட்கள் வைத்த பெயர் மெழுகு. கழுத்து, காது மடல், விரலிடுக்கு எல்லாம் ஒரு மினுமினுப்பு, சோப்புப் போட்டாலும் போகாது. போடவும் மாட்டான் என்று வை. கொதிக்கிற தொட்டி ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவான். ஈ மொய்க்கிற கையாலேயே பிசைவான். நாற்றத்தைப் பற்றி யாராவது வாய்விட்டால், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பான். அக்கம்பக்கத்தில் புகார் வந்ததும் பாய்லர் அறையின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். நாற்றம் வெளியே போகாதாம். உள்ளே இருப்பவன் எக்கேடு கெட்டால் அவனுக்கு என்ன?

உள்ளே இருந்தவன் வெல்டரின் தம்பி. கூடப்பிறந்த தம்பி, வீட்டில் சின்னவன் என்று கூப்பிடுவார்கள். எந்த வேலையிலும் காலூன்றாத பையன். வெல்டர்தான் மெழுகிடம் சொல்லி பாய்லர் வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கே மட்டும் எப்படியோ நிலைத்துவிட்டான். ஆனால் ஜன்னலில்லாத அறை, விறகுப் புகை... ஒரு வருஷத்தில் நெஞ்சு கெட்டுவிட்டது. படுத்தால் மூச்சு விசிலடிக்கும். பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் அக்கா தன் புருஷனைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க. ஒண்ணு அவனை வெளியே கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா அந்தப் புகையை நிறுத்துங்க" என்றாராம்.

சின்னவன் வர மாட்டேன் என்றுவிட்டான். அதனால் புகையை நிறுத்தக் கிளம்பினார் வெல்டர். கூலிகூடப் பேசவில்லை.

இனி பர்னரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் பேய் புரியாது. மூன்றங்குலக் குழாய். ஒரு முனையில் தட்டு, தட்டில் வரிசையாகத் துளைகள், நெருப்பு வருவது அங்கே. மறு முனையில் பித்தளையில் ஒரு சின்ன ஜெட். ஜெட்டின் நடுவில் ஒரு துளை, அது வழியாக கேஸ் சீறிக்கொண்டு உள்ளே வரும். ஜெட்டைச் சுற்றித் தகரத்தில் ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் ஓட்டைகள் திறக்கும், அதில் காற்று உள்ளே போகும். கேஸும் காற்றும் சரியாகக் கலந்தால் நெருப்பு நீலம். காற்று போதவில்லை என்றால் மஞ்சள். மஞ்சள் நெருப்பு கரி கக்கும், கண்ணுக்குத் தெரியாத விஷத்தையும் விடும். அடைத்த அறையில் ஆளைத் தூங்க வைத்துவிடும், எழுப்பவே முடியாது. ஆக, நீலம் வந்தால் சின்னவன் பிழைத்தான். மஞ்சளாகவே நின்றால் விறகே தேவலை. வெல்டருக்கு வேண்டியது இது ஒன்றுதான்... நீலம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜெட் அடைத்துக்கொண்டால் எல்லாரும் கம்பி விட்டுக் குத்துவார்கள். அவர் குத்த மாட்டார். கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அடுப்பு சொன்ன பேச்சு கேட்காது என்பார். கழற்றி வாயில் வைப்பார். உறிஞ்சுவார், ஊதுவார், துப்புவார். நாக்கு நுனியால் துளையைத் தடவிப் பார்த்தே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். பெருமையாகச் செய்வார், ஆள் கூடினால் இன்னும் நன்றாகச் செய்வார். எந்தக் குழாயில் எதைச் செய்வது என்று விவஸ்தை வேண்டாமா?

முதல் நாள் மாட்டினார்கள். சின்னவன் குழி வால்வைத் திறந்தான். வெல்டர் எரிகிற துணியை நீட்டினார். பக்கென்று பிடித்தது. பாய்லர் கதவில் ஒரு பார்வைத் துளை இருக்கும், கண்ணாடி போட்டது. அதில் எட்டிப் பார்த்தார்.

மஞ்சள்.

கொழகொழவென்று, அசமந்தமாக, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எரிந்தது. நுனியெல்லாம் கரி. மயிர் கருகுகிற வாடை. வளையத்தைக் கால்வாசி திறந்தார். மஞ்சள். பாதி. மஞ்சள். முழுசாகத் திறந்தார்... மஞ்சள். குழாயில் கூடுதலாக நாலு ஓட்டை போட்டார். அதற்கும் மசியவில்லை. காற்று உள்ளே போகவில்லையோ என்று ஒரு காகிதத்தை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார். வெடுக்கென்று கையிலிருந்து பறித்துக்கொண்டது. அவ்வளவு இழுப்பு. எவ்வளவு கொடுத்தாலும் இழுக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை.

ஜெட்டைக் கழற்றினார். துளையில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. வாயில் வைத்து உறிஞ்சினார்.

பொறு, பொறு. நீதானே கேட்டாய் கதை? அந்த வெள்ளை நாக்கில் பட்டதும் கரைந்ததாம். கொழுப்பு. குளிர்ந்த கொழுப்பு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு. துப்பினார், வாய் கொப்பளித்தார், சாம்பலைப் போட்டு நாக்கைத் தேய்த்தார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்து, ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, எல்லாம் அதே ருசி அடித்தது என்று அக்கா சொன்னார்.

விட்டாரா? விடவில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். மஞ்சளும் கரியும் அடைப்பும்தான் மிச்சம். சின்னவன் தலைவலி என்றான். நின்றுகொண்டே தூங்கி விழுந்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எரி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து நில் என்று சொல்லிவிட்டு வருவார் வெல்டர். பாதி வழியில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாராம்.

ஒருநாள் ஜெட்டை உறிஞ்சும்போது பல்லிடுக்கில் ஏதோ மாட்டியது. விரலால் பிடித்து இழுத்தார். மயிர். இழுக்க இழுக்க வந்தது. சாண் நீளம், ஈரமாக. சின்னவன் அதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். மாட்டு வால் மயிராக இருக்கும் என்றான் மெழுகு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே. வெல்டரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அடிப்பக்கம் வெள்ளை, நுனிப்பக்கம் கறுப்பு. அந்தக் கறுப்பை விரலால் உருவினால் கையில் ஒட்டியது. சாயம்...

எந்த மாடு தலைக்குச் சாயம் போட்டுக்கொள்கிறது? அதை அவர் தூக்கிப் போடவில்லை. ஒரு போல்ட்டில் சுற்றிக் கதவோரத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு தடவை அமுங்கும். ஹுக்... ஹுக்... என்று இரண்டு சின்ன இருமல். பிறகு தொண்டையின் அடியிலிருந்து காறி இழுக்கிற மாதிரி ஒரு நீளமான சத்தம். ஒரு நொடி அமைதி. அப்புறம் பர்னருக்குக் கீழே தரையில், தொப்... ஒரு வெள்ளைச் சொட்டு. குழாயில் தண்ணீர் தேங்கினால் இப்படிச் சத்தம் வருவதுண்டு. வெல்டர் தண்ணீர் வடிகிற திருகைத் திறந்து பார்த்தார். ஒரு துளி இல்லை.

பட்டறையில் எலும்பு முற்றத்தைப் பெருக்குகிற அம்மா ஒருவர் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். யாரோடும் பேச மாட்டார். அன்று கூடையோடு பாய்லர் அறை வாசலைத் தாண்டிப் போனவர் அந்த இருமலைக் கேட்டு நின்றுவிட்டார். கூடை கையை விட்டு நழுவியது. எலும்பெல்லாம் கலகலவென்று கொட்டியது. அவர் குனியவில்லை.

"இது எங்க வீட்டுக்காரர் இருமுறது" என்றார்.

வெல்டர் குழாய், காற்று, அழுத்தம் என்று ஏதோ விளக்கம் சொன்னார். அந்தம்மா காது கொடுக்கவில்லை. அவர் கண் கதவோரத்துப் போல்ட்டில் இருந்தது. போய் அதை எடுத்தார். மயிரைப் பிரித்து, விரலில் நீவி, நுனியைப் பார்த்தார்.

"இந்த மை நான் போட்டது. நல்லா காயறதுக்குள்ள அவசரம் அவருக்கு, எழுந்து போயிடுவாரு. எப்பவும் கையில ஒட்டும்."

கதை இதுதான். குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர் இந்த அம்மாவின் புருஷன். மழைக்கு முன்னால் ஒருநாள் வேலைக்கு வந்தவர் வீடு திரும்பவில்லை. இந்தம்மா மெழுகிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவன் எவளோடயோ போயிட்டாம்மா. நானே பஸ் ஏறுறதைப் பார்த்தேன்" என்றான். பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். போதாததுக்கு, ஆதரவில்லாத பொம்பளை என்று இரக்கப்பட்டு முற்றம் பெருக்குகிற வேலையையும் கொடுத்தான். தூ... சொல்லும்போதே எனக்கு வாய் கூசுகிறது. அந்தம்மா இத்தனை மாசமாக அந்தக் குழியைச் சுற்றித்தான் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பெருக்கும்போதெல்லாம் ஓடிப்போன புருஷனை வாயார வைதுகொண்டே பெருக்கியிருக்கிறார்.

வெல்டர் நேராக மெழுகிடம் போனார். அவன் தொட்டி ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குழியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். அவன் விரலை ஒவ்வொன்றாகச் சூப்பிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"திறக்கலாமே. திறந்தா கேஸ் அத்தனையும் போயிடும். நாளைக்கே திரும்பவும் விறகு. உன் தம்பிதான் புகை குடிக்கணும். திறக்கவா? நீயே சொல்லு."

வெல்டர் பாய்லர் அறைக்குத் திரும்பி வந்தார். அந்தம்மா அங்கேயே, பர்னருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார். "முதல்ல நீலம் வரட்டும்மா. வந்ததும் நானே திறந்து காட்டுறேன்" என்றார் இவர்.

நீலம் வரட்டுமாம். எனக்கு மெழுகைவிட இந்த இடத்தில் வெல்டர்மேல்தான் அருவருப்பு. மெழுகு பிறவியிலேயே அப்படி. இவருக்குத் தெரியும், வாயில் எடுத்தது என்ன என்று தெரியும். தெரிந்துகொண்டே வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார். தம்பிக்காக என்று சொல்லலாம். தம்பிக்காகத்தான். ஆனால் தோற்றுப்போக மாட்டேன் என்கிற வீம்பும் அதில் இருந்தது, இல்லையென்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

யாரப்பா அது பின்னால்? இது என்ன மெத்தையா? குறட்டை விடாதே, எழுந்து உட்கார். கதையில் இந்த இடம் உனக்குத்தான்.

மறுநாள். திரும்பவும் அதே மத்தியானம், அதே ரோடு. வெல்டர் புதிதாக ஒரு ஜெட் கடைந்து சட்டைப் பையில் வைத்திருந்தார். வழக்கமாகத் துப்புகிற இடம் வந்தது, எச்சில் ஊறவில்லை. அப்போதுதான் கவனித்தார்... நாற்றம் இல்லை. துளிகூட இல்லை. வெறும் வெயில், முள், காற்று. சந்தோஷமாக இருந்ததாம் அவருக்கு.

பட்டறைக்குள் ஆள் அரவம் இல்லை, சாப்பாட்டு நேரம். பாய்லர் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாத்தாதே என்று எத்தனை தடவை சொல்லியிருந்தார்! தள்ளினார், திறந்தது. உள்ளே இருட்டு. சத்தமே இல்லை, சீரான ஒரு உஸ்ஸ்... மட்டும். நன்றாக எரிகிற பர்னருக்கு அந்தச் சத்தம்தான் வரும். பார்வைத் துளைக்கு ஓடினார். கண்ணை வைத்தார்.

நீலம்.

தட்டின் ஒவ்வொரு துளையிலும் நறுக்கி வைத்த மாதிரி நீலம். ஆட்டமில்லை, நுனியில் கரியில்லை. வாழ்நாளில் அப்படி ஒரு நெருப்பை அவர் பார்த்ததில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை அவரால். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை என்று அக்காவிடம் சொல்லி அழுதாராம். அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார், எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியவில்லை என்று.

பிறகு, "டேய், வந்துடுச்சுடா" என்று கூப்பிட்டுக்கொண்டே குனிந்தார்.

சின்னவன் பர்னருக்குக் கீழே முட்டி போட்டுக் கிடந்தான். இரண்டு கையும் துவண்டு தரையில் கிடந்தன. முகம் குழாயோடு ஒட்டியிருந்தது. வாய் காற்று வளையத்தைக் கவ்வியிருந்தது, ஓட்டையின்மேல், ஒரு இடுக்கு விடாமல். கன்னம் இரண்டும் உள்ளே குழிந்துபோயிருந்தன. அந்த உஸ்ஸ்... ஒவ்வொரு தடவை வரும்போதும் கன்னம் இன்னும் உள்ளே போயிற்று. அவன் ஊதவில்லை. அது உறிஞ்சியது.

வெல்டர் பாய்ந்துபோய் கேஸ் வால்வை அடைத்தார். இறுக்கி, கடைசிவரை அடைத்தார். நெருப்பு அணையவில்லை. நீலமாகவே எரிந்தது. தோளைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். சர்ரென்று ஈரத்துணி கிழிகிற சத்தத்தோடு வந்தான். உதட்டுத் தோல் வளையத்திலேயே நின்றுவிட்டது. சூட்டில் ஒட்டியது என்று நினைக்காதே. பக்கத்தில் நெருப்பு எரிகிற வளையம், தொட்டால் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்ததாம்.

வாய் விலகியதும் நெருப்பு மஞ்சளானது. ஹுக்... ஹுக்... என்று இருமியது. காறியது. அணைந்தது.

தம்பியை வெளியே முற்றத்தில் இழுத்துப் போட்டார். மூச்சு இல்லை. அந்தத் தோலுரிந்த வாயில் தன் வாயை வைத்து ஊதினார். ஜெட்டில் பட்ட அதே ருசி. உப்பு, இனிப்பு, வழவழப்பு. ஊதினார், துப்பினார், ஊதினார். மார்பு தூக்கியது. சின்னவன் புரண்டு படுத்துக் கக்கினான். வெள்ளைக் கொழுப்பு, கட்டி கட்டியாக. நடுவில் மயிர்ச் சுருள். கடைசியாக ஒன்று வந்து கல்லில் டக்கென்று விழுந்தது. கால் விரல் நகம்... பெரிய விரல். பெருக்குகிற அம்மா ஓடிவந்து தன் முந்தானையாலேயே அவன் வாயைத் துடைத்துவிட்டார். ஒரு துளி முகம் சுளிக்கவில்லை.

பிழைத்துக்கொண்டான். ஆமாம், சின்னவன் பிழைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் வெல்டர் யாரையும் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார், அந்தம்மாவும் கூடப் போனார். மெழுகு குறுக்கே வந்தான். அந்தம்மா கையில் எலும்பு வாருகிற இரும்பு வாரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மூடியைப் புரட்டினார்கள். இடுப்பளவு சேறு இருக்க வேண்டிய குழி அது. புழு நெளிய வேண்டிய குழி.

சுத்தமாக இருந்தது. சுரண்டி, கழுவி, துடைத்துவிட்ட மாதிரி. எலும்பில்லை, துணியில்லை, ஒரு சொட்டு ஈரமில்லை. ஏணி ஒன்று மட்டும் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றது. ஆள் இறங்கினால் போடுகிற ஏணி. ஆனால் இவர்கள் கழற்றும்வரை மூடிக்கு வெளிப்பக்கம் அத்தனை போல்ட்டும் முறுக்கியிருந்தது.

போலீஸ் வந்தது. ஏணியைப் பார்த்தது. உடம்பு எங்கே என்று கேட்டது. உடம்பு இல்லை. அப்புறம் என்ன, மெழுகு வேறொரு ரோட்டில் வேறொரு பட்டறை போட்டிருக்கிறான், தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பர்னரை வெல்டர் துண்டு துண்டாக அறுத்து எறிந்துவிட்டார்.

இதுவரைக்கும்தான் டயர் கடைக்காரர் எல்லாரிடமும் சொல்வார். மிச்சத்தை அவருடைய அக்கா அவரிடம் மட்டும் சொன்னார்.

சின்னவன் இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறான். வேலைக்குப் போவதில்லை, அதிகம் பேசுவதில்லை. ஜன்னலைச் சாத்தினால் மட்டும் கோபம் வரும். மூச்சு விசிலடிப்பது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, தூக்கத்தில் இரண்டு சின்ன இருமல். பிறகு காறல். காலையில் தலையணையில் வெள்ளையாக ஒரு சொட்டு. அக்கா தலையணை உறையைக் குச்சியால்தான் எடுப்பாராம்.

ஒருநாள் காலை, அடுப்புப் பற்றவைக்க அக்கா தீக்குச்சியைக் கிழித்திருக்கிறார். சின்னவன் தண்ணீர் குடிக்க வந்து பின்னால் நின்றிருக்கிறான். தோளுக்கு மேல் குனிந்து, "அண்ணி, கொஞ்சம் காத்து வரட்டும், ஜன்னலைத் திறங்க" என்றானாம். அந்த மூச்சு குச்சியில் பட்டது. ஊதினால் அணைய வேண்டும் அல்லவா? அணையவில்லை. குச்சியிலிருந்து அவன் உதடுவரை நெருப்பு ஒரு முழம் நீண்டு நின்றது. நீலம். ஒரு துளி மஞ்சள் இல்லை.

வெல்டரிடம் சொன்னார். அவர் எழுந்துபோய் வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

மாதம் ஒருதடவை அந்தப் பெருக்குகிற அம்மா வருவாராம். யாரையும் கேட்க மாட்டார். கையில் ஒரு மை டப்பா, பழைய டூத் பிரஷ். சின்னவன் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்காருவான். தலைமுடிக்கு அடியிலிருந்து நுனிவரை பொறுமையாகப் போட்டுவிடுவார். பாதியில் அவன் எழுந்திருக்கப் பார்த்தால், தோளை அமுக்கி, "காயட்டும், இருங்க. எப்பவும் அவசரம்தான் உங்களுக்கு" என்பாராம்.

சின்னவனுக்கு இன்னும் இருபத்தைந்து வயசு முடியவில்லை.